கஞ்சி வேண்டாம் என்றவள்

என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது, அவளைச் சாப்பிட வைப்பதே எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டிருந்தது. சம்பளம் வாங்கிய வேலை விழுப்புரத்தில், ஒரு துணிக்கடையில். திண்டிவனத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். கணவர் பெரும்பாலும் லாரியோடு வெளியூரில் இருப்பார். குழந்தையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

ஊறவைத்த கேப்பையை அரைத்து, துணியில் பால் பிழிந்து, கட்டி விழாமல் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். திரும்பி வந்து பார்த்தால் கஞ்சி ஏடு படிந்து அப்படியே இருக்கும். பக்கத்தில் காலி ஜூஸ் பாக்கெட் கிடக்கும். ஏன் என்று கேட்கக்கூடத் தெம்பு இருக்காது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

குழந்தைக்கு எடை ஏறவில்லை. முன்பற்களில் கறை தெரிந்தது. ஒருநாள் லீவு போட்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணியும் கூட வந்தார்.

"ஜூஸ், டீ, பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்துங்க. தாகத்துக்குத் தண்ணி குடுங்க. நீங்க சாப்பிடறதையே உப்பு, காரம் கம்மியா மசிச்சுக் குடுங்க" என்றார் டாக்டரம்மா. அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது விக்கிரவாண்டி தாண்டியதும் பஸ் பஞ்சரானது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். குழந்தை பசியில் வீறிட்டாள். கொண்டுவந்த கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டினேன். ஒரே தட்டு. என் புடவையெல்லாம் கஞ்சி. எதிர்க் கடையில் ஜூஸ் பாக்கெட்டுகள் சரமாய்த் தொங்கின.

"வாங்கியாரட்டா?" என்றார் அண்ணி.

"இப்பதானே அண்ணி டாக்டரு வேணாம்னாங்க?"

"அவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாள் பூரா இத்த வச்சிக்கினு கெடக்கறது நான்தானே? கஞ்சியத் துப்பிட்டு அழுதுக்கினே இருக்குது. ஒரு பாக்கெட்டு குடுத்தா கொஞ்ச நேரம் கம்முனு இருக்கும். எனக்கும் முட்டி வலிடி. இன்னா பண்ணச் சொல்ற?"

குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். என்னைப் போலவே அவரும் ஓய்ந்துபோயிருந்தார். சண்டை போட இருவருக்கும் சக்தியில்லை.

எனக்கும் பசி. கஞ்சியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். பருப்பும் முருங்கைக்கீரையும் போட்டுப் பிசைந்த சோறு, ஓர் அவித்த முட்டை. நான் ஒரு வாய் வைத்ததும் குழந்தை அழுகையை நிறுத்தினாள். மடியில் ஏறி, பாக்ஸுக்குள் கையை விட்டாள். பாதி வாய்க்குள்ளும் பாதி மோவாயிலுமாகப் போனது. நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பினாள். தானாக எடுத்தால் தின்றாள். முட்டை மஞ்சளை உதிர்த்து வைத்தேன், அதுவும் போயிற்று.

"ஐய, துன்னுது பாரேன்!" அண்ணி சிரித்துவிட்டார். "அப்போ உனுக்கு?"

"மிச்சம் இருந்தா பாத்துக்கலாம் அண்ணி."

மிச்சம் இருக்கவில்லை. அடுத்து வந்த பஸ்ஸில் வீடுவரை நின்றுகொண்டே போனோம்.

அதன்பிறகு காரத்தைக் குறைத்துச் சமைத்தேன். மதியம் அண்ணி தன்னோடு அவளையும் தட்டு வைத்து உட்காரவைத்தார். சில நாள் சாப்பிட்டாள். சில நாள் எல்லாம் தரையில். அண்ணி திட்டிக்கொண்டே பெருக்குவார். ஜூஸ் ஒரேயடியாக நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. எடை மெதுவாக ஏறியது.

இப்போது அவளுக்கு மூன்று வயது. நேற்று கீரையைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவளாகவே எடுக்கட்டும் என்று தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.