ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்

பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ நேர்காணல்களில் மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். தற்காலிக எழுத்தர், காவலர், துப்புரவுப் பணியாளர் என்று யாரை எடுத்தாலும் மதிப்பெண் தாள் தயாரிப்பது கண்காணிப்பாளரான என் பொறுப்பு. அதில் 'எதிர்காலக் குறிக்கோள்' என்று ஒரு கட்டம் உண்டு. பத்து மதிப்பெண். "இங்கயே இருந்து கடைசிவரைக்கும் உழைப்பேன் சார்" என்றவருக்கு எட்டு போடுவேன். மேலே படித்துப் பெரிய பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னவருக்கு நான்கு. இருப்பவரைத்தானே எடுக்க வேண்டும், போகிறவரை எதற்கு எடுப்பது? ஒரு பெண், "அதெல்லாம் யோசிக்கலைங்க சார், இன்னைக்கு இந்த வேலை கிடைச்சா போதும்" என்றாள். அவளுக்கு இரண்டு. முதலில் பென்சிலில் போட்டேன். பிறகு மையில் எழுதும்போதும் மாற்றவில்லை.

அறுபத்தாறு வயதில் மேசைக்கு வெளிப்பக்கம் உட்கார வேண்டி வந்தது. காரணம் மாடிப்படி.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போய்விட்டன. வாய் மட்டும் தப்பித்துக்கொண்டது. செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் தரைத்தள வீடு ஒன்றில் ஒன்பது வருடமாகக் குடியிருந்தோம். வீட்டுக்காரர் அதை இடித்து, தியானத்துக்கு வருகிறவர்கள் தங்கும் அறைகளாகக் கட்டப்போவதாகச் சொல்லி, தை மாதத்துக்குள் காலி செய்யச் சொன்னார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கீழ்பென்னாத்தூரில் அவளுடைய தம்பிகள் இருக்கிறார்கள்; போனில் நன்றாகப் பேசுவார்கள்.

வீடு தேடினேன். மாடி எங்களுக்கு ஆகாது; கீழ்த்தள வீடுகள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்குப் போய்விட்டன. மிஞ்சிய ஆறு வீடுகளிலும் முதல் கேள்வி ஒன்றுதான். "அம்மா நடமாட்டமா இருக்காங்களா, படுக்கையிலயா?" படுக்கை என்றதும் வீட்டுக்குத் திடீரென்று தங்கை குடும்பம் குடிவர முடிவாகிவிடும். ஆறு பேருக்கும் தங்கை இருந்தாள்.

அப்போதுதான் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதிக்கு மேலாளர் தேவை என்று கேள்விப்பட்டேன். தங்குவதற்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை, சமையலறையோடு தருவார்களாம். கழிவறை வாசலில் படி கிடையாதாம். அந்தக் கடைசித் தகவலுக்காக நான் எந்த வேலைக்கும் மனுப் போட்டிருப்பேன்.

விடுதி ஒரு விதவை அம்மாளுடையது. அடி அண்ணாமலையில் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த குடும்பம். அவருடன் பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் மருமகனும் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். நான் அவரை சார் என்றேன்.

என் மனுவோடு சான்றிதழ் நகல்கள், நன்னடத்தைச் சான்று, ஓய்வூதிய ஆணை எல்லாவற்றையும் பக்க எண் போட்டு, உள்ளடக்கப் பட்டியலுடன் டேக் கோத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் புரட்டினார்.

"எதுக்கு சார் இவ்ளோ பேப்பர்? ஆதார் ஒண்ணு போதுமே."

"இருக்கட்டும்மா. பின்னாடி கேட்டா இல்லைனு ஆயிடக் கூடாது."

வெளிநாட்டவர் வந்து தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எந்தப் படிவத்தைப் பதிய வேண்டும், விசாக் காலம் முடிந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் சொன்னேன். பௌர்ணமி கிரிவலத்தன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால் விருந்தினருக்கு முன்கூட்டியே என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னேன். மருமகன் மாமியாரைப் பார்த்துத் தலையசைத்தார். என் கணக்கில் அதுவரை எழுபது மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

பிறகு அவர் கைப்பேசியைப் பார்த்துப் படித்தார். "லாங் டெர்ம் கோல் என்ன சார்? அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

நானே பலமுறை கேட்ட கேள்வி. எட்டு மதிப்பெண் பதில் எனக்கு மனப்பாடம்.

"இங்கயேதான் சார். இந்த இடத்தை விட்டுப் போற எண்ணமே இல்லை. நானும் என் வீட்டுக்காரம்மாவும் அந்தக் கீழ் ரூம்லயே கடைசிவரைக்கும் இருந்துடுவோம்."

அந்த அம்மாள் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"வீட்ல அம்மாவுக்கு உடம்பு எப்படிங்க சார்?"

மனுவில் 'சற்று உடல்நலக் குறைவு' என்று எழுதியிருந்தேன். பொய்யாகாத, உண்மையும் ஆகாத சொற்களை எழுதித்தான் நான் பதவி உயர்வு பெற்றேன். இப்போது நேரில் கேட்டதால் சொல்லவேண்டியதாயிற்று. சொன்னேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். முன்னாடி இருந்த மேனேஜரோட அம்மா அந்த ரூம்லதான் போயிட்டாங்க. அவிட்ட நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துல சாவு விழுந்தா ஆறு மாசம் அடைப்புனு ரூமைப் பூட்டி வெச்சோம். கார்த்திகை சீசன் பூரா எதிர் ரூம்லயும் யாரும் தங்கலை. கடைசிவரைக்கும்னு நீங்க சொன்னீங்க பாருங்க, எங்களுக்கு அதுதான் சார் பயமே."

"கெஸ்ட் ஒருத்தர் ரிவ்யூல வேற எழுதிட்டாரு," என்றார் மருமகன். "பாடி எடுத்துட்டுப் போறதை போட்டோவோட."

என்னிடம் அவர்கள் வேலையைப் பற்றியே கேட்கவில்லை என்று அப்போது புரிந்தது. நாங்கள் எங்கே சாவோம் என்று கேட்டிருக்கிறார்கள்.

உடனே நான்கு மதிப்பெண் பதிலுக்கு மாறினேன். அஞ்சு வருஷம் என்பது பேச்சுக்குச் சொன்னது, பதினோரு மாதம் போதும், பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பதினோரு மாசம்னுதான் சார் எல்லாரும் வராங்க," என்றார் மருமகன். "காலி பண்ண வைக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? நீங்க சட்டம் வேற ஜாஸ்தி தெரிஞ்சவரு."

எழுந்து வந்திருக்கலாம். சந்து வீட்டில் மேற்கூரை ஓடுகளை அப்போதே பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் இருந்த அறைக்கு மேல் மட்டும் பாக்கி.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்கம்மா," என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் தற்காலிகப் பணியாளர்களைச் சேர்க்கும்போது, தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். விதிகளில் அது கிடையாது. விதிகளில் இல்லாததையும் தெரிந்து வைத்திருப்பவன்தான் நடைமுறை தெரிந்தவன். அதன் வாசகம் நான் எழுதியது. வேலை கிடைத்தவர்கள் அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். வாசகத்தில் நான்கு சொற்களை மாற்றினால் போதுமானதாக இருந்தது.

'என் மனைவியின் உடல்நிலை மோசமடைந்துள்ளதால், மேலாளர் பணியிலிருந்து விலகி, அறையை இன்றே காலி செய்து ஒப்படைக்கிறேன். இது யாருடைய வற்புறுத்தலும் இன்றி என் முழுச் சம்மதத்துடன் எழுதியது.' பெயர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார்.

"தேதி போடலையே சார்?"

"அதை நீங்க போட்டுக்கணும்மா. தேவைப்படறப்ப."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மருமகன் கைப்பேசியைத் தடவிக்கொண்டே, "திங்கக்கிழமை வந்துடுங்க சார்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"என்னா கேட்டாங்க?"

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கனு."

"அறுபத்தாறு வயசு ஆளையா? என்னைக் கேட்டிருந்தா இந்த ஃபேனுக்குக் கீழதான்னு சொல்லியிருப்பேன். வேலை குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"உங்க வாயை நம்பி யாரும் குடுக்க மாட்டாங்களே. என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"வழக்கமா எழுதறதுதான். உறுதிமொழி."

"அதுல நான் இருக்கேனா?"

"இருக்கே."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் ஒரு விஷயத்தை இரண்டு கேள்வியோடு விட்டது அன்றுதான்.

குடிவந்தோம். அறை நன்றாக இருக்கிறது. கழிவறை வாசலில் உண்மையிலேயே படி இல்லை. சக்கர நாற்காலி நேராகப் போகிறது. ஜன்னலில் மலையின் ஒரு துண்டு தெரிகிறது. விடுதியின் கோப்புகள் எல்லாம் மேலாளரின் அலமாரியில், அதாவது என்னிடம்தான்; அலமாரிக்கு இன்னொரு சாவி அந்த அம்மாளிடம் இருக்கிறது. 'பணியாளர்கள்' என்ற கோப்பில் மூன்றாவது தாள் என் கடிதம். அந்த அம்மாளே கொடுத்து, "உள்ள வெச்சிடுங்க சார்" என்றார். கிழித்துப் போட்டிருக்கலாம். நான் அதற்குப் பக்க எண் போட்டுக் கோத்தேன். காணாமல் போனால் புதிதாக ஒன்று எழுதச் சொல்வார்கள், அப்போது எதிரில் என் மனைவி இருக்கக்கூடும்.

காலையில் அலமாரியைத் திறந்ததும் அந்தத் தாளைத்தான் முதலில் பார்க்கிறேன். தேதிக்கான இடம் காலியாக இருந்தால் அறைச் சாவிகளை எடுத்துப் பலகையில் மாட்டுகிறேன்.

மூன்று நாளாக அவளுக்கு இருமல், சளி கட்டியிருக்கிறது. டாக்டரை இங்கே வரவழைத்தால் பார்த்துவிடுவார்கள் என்று மருந்தை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். விருந்தினர் நடக்கும் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டேன். கடிதத்தில் என்ன எழுதினேன் என்று இதுவரை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் வாசலில் அந்த அம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டால், வலது கையால் தலைமாட்டில் இருக்கும் துண்டை இழுத்து, சத்தம் வெளியே வராமல் வாயில் அழுத்திக்கொள்கிறாள்.