டாக்டர் பங்களாவின் தெற்கு ஜன்னல்

பிள்ளைப்பாக்கம் போகிற பாதையில் நிற்கும் அந்தப் பங்களாவை விக்டோரியா ராணி காலத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் கட்டினார். முட்டை வெள்ளையும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புத் தூண்கள், தேக்கு உத்தரம், வாசலுக்கு மேல் அரைவட்டமாகப் பச்சைக் கண்ணாடி, கூரையில் தொங்கும் துணி விசிறியான பங்காவை இழுக்கிற கயிற்றுக்குச் சுவரில் ஒரு துளை. தெற்குச் சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னலும் உண்டு. சேரி ஜனங்கள் உள்ளே வரக்கூடாதென்று மேல்தெருக்காரர்கள் முறுக்கிக்கொண்டதால், அவர்களுக்கு அந்தக் கம்பி வழியாகத்தான் மருந்து. துரை மகா நல்லவர் என்று இன்றைக்கும் சொல்வார்கள். இருக்கட்டும். ஜன்னலை வைத்தவரும் அவர்தான்.

துரை போனார், சுதந்திரம் வந்தது, பங்களா சர்க்கார் ஆஸ்பத்திரியானது. எல்லாரும் வாசல் வழியே வரலாம் என்று அங்கே வேலைக்கு வந்த டாக்டரம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? சேரியிலிருந்து வருகிறவர்களின் கால் தானாகத் தெற்கே திரும்பியது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த லூர்தம்மாளும் அதே சேரிதான். கூடத்தைத் தினமும் பெருக்கித் துடைப்பாள். வருவதும் போவதும் பின்பக்கமாகத்தான். ஜன்னலில் நீளும் சீசாக்களை வாங்கி மருந்து ஊற்றிக் கொடுப்பதும் அவளே. அதில் தப்பொன்றும் அவளுக்குத் தோன்றியதில்லை.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில் அவள் மகள் காந்திமதிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். வலிப்பும் வந்துவிடவே, லூர்தம்மாளின் புருஷன் தாவீது மகளைக் கட்டைவண்டியில் போட்டு ஓட்டிவந்தான். வந்தவன் எங்கே நிறுத்தினான்? தெற்கு ஜன்னலுக்குக் கீழே. மழை இரைச்சலில் அவன் கத்தியது உள்ளே கேட்கவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றானோ, பாவம். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல் கதவைச் சாத்த வந்த லூர்தம்மாள்தான் அவனைப் பார்த்தாள்.

"பொண்ணுக்கு இழுக்குதும்மே, எதுனா மருந்து குடு" என்று கம்பிக்குள் கையை நீட்டினான்.

"இன்னாய்யா நீ, கம்பி வழியாவா புள்ள பொறக்கும்? வாசலுக்குத் தூக்கினு வா."

அவன் அசையவில்லை. "வாசல்லயா? எங்கப்பன்கூட ஏறுனதில்லியே."

லூர்தம்மாள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். கூடத்தைத் தாண்டி, அத்தனை வருஷம் துடைத்தாளே தவிர நடந்திராத முன்படியில் இறங்கி மழையில் ஓடினாள். மகளைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு அதே படியில் ஏறினாள்.

காந்திமதி பிழைத்தாள். ஆண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்தது. கொஞ்சம் முன்னே வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, லூர்தம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஜன்னலில் வழக்கம்போல் சீசாக்கள் நீண்டன. லூர்தம்மாள் ஒன்றையும் வாங்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு முன்வாசலில் வந்து நின்றாள். மருந்து வேண்டுமென்றால் இப்படி வாருங்கள் என்றாள். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நகரவில்லை.

அந்த நேரம் கல்லறைத் தோட்டத்திலிருந்து தாவீது வந்தான். பேரனைப் புதைத்த ஈரமண் முழங்கால்வரை அப்பியிருந்தது. மகளுக்கு மருந்து வாங்கக் கையில் சீசா. சாத்திய ஜன்னலை ஒருதரம் பார்த்தான். பிறகு முன்படியில் கால் வைத்தான். லூர்தம்மாள் கை கொடுக்கவில்லை. அவனாக ஏறட்டும் என்று நின்றாள். ஏறினான். அவன் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.

படியெல்லாம் மண். அன்றைக்கு லூர்தம்மாள் அதைக் கழுவவில்லை.