விட்டுப்போன கால்

அச்சகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிழை திருத்தி ஓய்வுபெற்றவருக்கு அந்த அடுக்குமாடியில் வைத்த பெயர் சிவப்புப் பேனா. லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பில் ஒற்று விடுபட்டிருந்தால் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். அதற்காக ஒரு மாடி தாண்டிப் போய்த் திரும்புவதும் உண்டு. உலகத்தைத் திருத்த முடியாதவர்கள் அதன் எழுத்துப்பிழையையாவது திருத்துகிறார்கள். அதில் தவறில்லை. நன்றியை எதிர்பார்ப்பதுதான் தவறு. அவர் எதிர்பார்த்தார்.

வண்டிகள் நிற்கும் இடத்து மரத்தில் பறவைகள் கூடு கட்டியதிலிருந்து அவருடைய காலைப்பொழுது ஜன்னலோடு போனது. கொக்கு என்று சொன்னவர்களை அவர் விடவில்லை.

"கொக்கு இல்ல சார், மடையான். உக்காந்தா சேத்து நிறம், பறந்தா வெள்ளை. நல்லா பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது கார்மேல் விழுந்த எச்சத்தை. குஞ்சுகளும் பார்க்கச் சகிக்காதவைதான். சீப்பே காணாத தலை, உடம்புக்குப் பொருந்தாத அலகு, எந்நேரமும் பசி. தாய் கக்கிய மீனை ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்று பிடுங்கும். குடும்பம் என்றால் என்ன என்று யோசிக்க அது போதும்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் புதுக் கார் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம், திங்கட்கிழமை கிளை வெட்டு என்று அறிவித்தார். குஞ்சுகள் பறக்க இன்னும் மூன்று வாரம் வேண்டும். சிவப்புப் பேனா இரண்டே நிமிடத்தில் ஒரு வேண்டுகோள் எழுதினார்.

"ஒருதடவை படிச்சுப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"எதை? என் எழுத்தையா?"

பிரதி எடுத்து வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் செருகினார்: "நம் வளாகத்தில் பதினான்கு இளம் மடையன்கள் வாழ்கின்றன. இவற்றுக்குத் தாமாக இரை தேடத் தெரியாது. வாயில் கொண்டுவந்து போட்டால்தான் உண்டு. மூன்று வாரம் பொறுத்தருள்க."

அந்தக் கட்டடத்தில் இருந்ததும் பதினான்கு வீடுகள்.

கூட்டம் கொதித்தது. "வீட்டுக்கு ஒரு மடையன்னு கணக்கு சரியா இருக்கே சார்!" என்றார் பல் டாக்டர். "அதுவும் 'வாழ்கின்றன'வாம். நாம என்ன ஆடு மாடா?"

இரண்டாவது மாடி அம்மாள் அழுதேவிட்டாள். "என் பையன் வேலை தேடிட்டுத்தான் இருக்கான். வாயில போட்டாத்தான் உண்டுன்னு எழுதுறதா?"

சிவப்புப் பேனா தாளை வாங்கிப் பார்த்தார். 'ய'வுக்கு அடுத்த கால் இல்லை. ஒற்றைக் காலில் மணிக்கணக்காக நிற்கிற பறவைக்கு இருந்த ஒரு காலையும் எடுத்துவிட்டிருந்தார். சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் செயலாளர் எழுந்தார். "முதல் பொருள், இவர் மன்னிப்புக் கேக்குறது. ரெண்டாவது, மரம். முதல் பொருள் முடியாம ரெண்டாவதுக்குப் போறதில்ல. அது விதி."

திறந்த வாயை மூடிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"கால் விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?" என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்ததும். "கௌரவம் கொறஞ்சிடுமா?"

"கௌரவம் இல்லடி. குஞ்சுங்க."

"ரெண்டும்தான். எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதுதான் சரி. தியாகத்தையும் வீம்பையும் பிரித்துப் பார்க்கும் தராசு இதுவரை யார் கையிலும் கிடைத்ததில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் முதல் பொருளிலேயே கழிந்தன. அவர் ஏறினால் மற்றவர்கள் லிஃப்டிலிருந்து இறங்கினார்கள். ஒரு நாள் அவர் கதவில் யாரோ சாக்பீஸால் 'மடயன் வீடு' என்று எழுதியிருந்தார்கள். அவர் 'ட'வை 'டை' ஆக்கிவிட்டு உள்ளே போனார். ஒரு காற்றுநாளில் குஞ்சு ஒன்று செயலாளரின் கார்மேல் விழுந்து செத்தது. அதை அவர் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனபோது யாரும் சிரிக்கவில்லை. மற்றவை கூட்டை விட்டுக் கிளைகளில் தத்தித் திரிந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

நான்காவது ஞாயிறு காலை கடைசிக் குஞ்சும் சேற்று நிறத்தில் எழும்பி வெள்ளையாகப் போனது. பத்து மணிக்குக் கூட்டம். சிவப்புப் பேனா எழுந்து, தாளில் ஒரு கால் போட்டு மேசையில் வைத்தார்.

"கால் விட்டுப்போச்சு. மடையான். பறவை. மன்னிக்கணும்."

"அப்போ என் பையனைச் சொல்லலையா?" என்றாள் இரண்டாவது மாடி அம்மாள்.

"இல்லம்மா."

செயலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருந்தா மறுநாளே வெட்டியிருப்பீங்களே. இப்ப வெட்டிக்கோங்க. மரம் காலி."

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அந்த மரத்தை அவர்கள் ஒன்றாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

பின்வரிசையிலிருந்து மனைவி சொன்னாள்: "அப்போ இவர் முதல்ல கால் இல்லாம எழுதினதும் தப்பில்ல போல."