நானாவின் வலக்கைப் பெருவிரல்

எங்கள் பரிசோதனை அறைக்குள் வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இது நான் போட்ட சட்டம். இதயத்துக்குள் போகும் கதீற்றர் என்ற மெல்லிய குழாயின் நுனியில் அரிசிமணியிலும் சிறிய அழுத்த உணரி ஒன்று இருக்கிறது. காதுக்கு எட்டாத மெல்லிய அதிர்வுகளையும் அது பிடித்துத் திரையில் கோடாக எழுதும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். யாராவது கட்டிலில் இடித்தால் அதையும் எழுதிவிடும். இடித்தவர் என்னிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வார்.

அன்று படுத்திருந்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த மீன்பிடிக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் அவரையும் ‘நானா’ என்றே கூப்பிட்டோம். வலை இழுக்கும்போது மூச்சு வாங்குகிறதாம். இதயச் சுவர் இறுகிவிட்டதோ என்று டொக்டருக்குச் சந்தேகம். அப்படியென்றால் அவருடைய தொழில் அதோடு சரி. வலது மணிக்கட்டு வழியாகக் கதீற்றரை விடும்போது அவர் கேட்டது ஒன்றைத்தான்.

“டொக்டர், நான் திரும்பக் கடலுக்குப் போகலாமா?”

“முதல்ல பாப்பம். நீங்கள் கையை மட்டும் அசைக்காதேங்கோ.”

“ஓம்.”

சொன்னபடி கட்டையாகக் கிடந்தார். கோடுதான் சொல் கேட்கவில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில், இதயம் நிரம்புகிற நேரத்தில், மெல்லிய ஒரு நடுக்கம். டொக்டரின் முகம் வாடிவிட்டது. எனக்கு ஏதோ உறுத்தியது. இதயத்தின் நடுக்கமென்றால் துடிப்போடு சேர்ந்து வர வேண்டும். இது சிலவேளை முந்தியது, சிலவேளை பிந்தியது.

“பொறுங்கோ டொக்டர், இது இதயமில்லை” என்றேன்.

வயரைக் கழற்றிப் பூட்டினேன். குளிரூட்டியை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் நின்ற கப்பலைக்கூட மனதுக்குள் திட்டினேன். நடுக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் கட்டிலடிக்குப் போய்க் கையை மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கினால், அவருடைய வலக்கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது! மனுசன் இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தொடுகைக்கும் மணிக்கட்டில் இருந்த கதீற்றரும் சேர்ந்து ஆடியிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

“நானா! அசைக்கக்கூடாதெண்டு சொன்னதெல்லோ?”

“கை அசைக்கல்ல தங்கச்சி. விரல்தானே.”

“அப்ப மற்றக் கையால எண்ணுங்கோ.”

அந்த யோசனை அவருக்குப் பிடிக்கவே இல்லை. “வலக்கையாலதான் எண்ணுற. இடையில விட மனசு வராது. இன்னும் கொஞ்சம்தான்.”

எனக்கு மூக்கு நுனியில் கோபம். வாயைத் திறப்பதற்குள் டொக்டர் முந்திக்கொண்டார்.

“எண்ணி முடியுங்கோ. நாங்கள் நிக்கிறம்.”

நின்றோம். என் சட்டம் என் வாயையே மூடிவிட்டது.

“முடிஞ்சிது” என்றார் அவர். திரையில் நடுக்கம் அடங்கியிருந்தது. துடிப்புக்குத் துடிப்பு, குறை சொல்ல இடமில்லாத கோடு. டொக்டர் அதை இரண்டு தரம் பார்த்தார்.

“இதயம் நல்லா இருக்கு. மூச்சுக்கு நெஞ்சுச் சளியைத்தான் பாக்கவேணும். சளிக்கு மருந்து எடுத்துக்கொண்டு கடலுக்குப் போங்கோ.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரமாகியிருந்தது. எனக்கும் மனம் நிறைந்துவிட்டது.

டொக்டர் கதீற்றரை வெளியே எடுக்கக் குனிந்தார். அப்போது திரையில் அந்த மெல்லிய நடுக்கம் திரும்பவும் வந்தது. இந்த முறை நான் துணியை விலக்கிப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் பொறுங்கோ டொக்டர்” என்றேன். “நானா எண்ணுறார்.”