நெஸ்ட்லர் விற்ற பசூன்

எங்கள் நகர இசைக்குழுவில் குத்ரூன் ஸைஃபர்ட் முதல் பசூன், பக்கத்து நாற்காலியில் இரண்டாவது பசூன் நான். ஆளுயர மரக்குழலான அந்த வாத்தியத்தில் ஒன்றையே பதினெட்டு வருடம் மாற்றாமல் ஊதியவள், ஐம்பதாவது வயதில் ஒரு பழைய பசூன்மேல் ஆசைப்பட்டாள்.

விற்றவர் நெஸ்ட்லர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். நானும் கூடப் போனேன். நூறு வயது தாண்டிய மேப்பிள் மரம். அவருடைய இறந்துபோன மனைவி லீஸ்பெத் வீட்டில் தனியாக ஊதிக்கொண்டிருந்த வாத்தியம்.

"இதோட ஒரு பெரிய மேடையில உக்காரணும்னு அவளுக்கு ஆசைம்மா. இசைக்குழுத் தேர்வுக்குப் போகத்தான் பயந்துட்டா. நீங்க அங்க வாசிக்கிறதா இருந்தா மட்டும் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

குத்ரூன் தன் சீவாளியைச் செருகி ஊதினாள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அடிக்குரலில் பேசுவது போலிருந்தது. சுருதிமானியில் முள் கீழேயே கிடந்தது.

"சுருதி எறங்கியிருக்குடி" என்று கிசுகிசுத்தேன்.

"மரம் குளிர்ந்து கெடக்கு. ஊத ஊத ஏறிடும்" என்றாள். அவரிடம் வாக்கும் கொடுத்துவிட்டாள்.

ஏறவில்லை. அந்தக் காலத்துத் தாழ்ந்த சுருதிக்குச் செய்த குழல் அது. வாய்ப்பக்கத்து வெள்ளிக் குழாயைக் குட்டையாக மாற்றிப் பார்த்தாள். சீவாளியைச் சீவிச் சீவிக் குறைத்தாள். மேல் ஸ்வரங்கள் ஏறின. கீழ் ஸ்வரங்கள் அசையவே இல்லை.

"நாங்கெல்லாம் இந்த வருஷத்துல இருக்கோம் குத்ரூன். உன் பசூன் இன்னும் கைசர் சக்கரவர்த்தி ஆட்சியிலயே இருக்கே!" என்றான் ஓபோ வாசிக்கும் டீட்மார். ஒத்திகைக் கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள், காது சிவக்க. நாளையிலிருந்து வழக்கமான வாத்தியத்தையே கொண்டுவரச் சொல்லிவிட்டார் இசைக்குழுவை நடத்துபவர்.

பழுது பார்ப்பவர் குழலைத் தடவித் தடவிப் பார்த்தார். "மரத்தை வெட்டினா சுருதி ஏறும். இந்தக் குரல் மிஞ்சுமான்னு கேக்காதீங்க." அவள் வெட்டவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது நெஸ்ட்லர் முதியோர் இல்லத்தின் ஒற்றை அறைக்கு மாறியிருந்தார். அவள் வாய் திறக்கும் முன்பே, அந்தப் பருவம் முழுவதற்கும் வாங்கிய கச்சேரி டிக்கெட்டைக் காட்டினார். அவள் பசூனோடே திரும்பிவிட்டாள்.

முதல் கச்சேரி முடிந்ததும் பாலாடைக்கட்டி கேக்கோடு மேடைக்குப் பின்னால் வந்தார். "அதே சத்தம்மா! என் லீஸ்பெத் சத்தம்!" அவள் வாசித்தது தன் வழக்கமான வாத்தியத்தை. உண்மையைச் சொல்லாமலே கேக்கை வாங்கிக்கொண்டாள்.

மூன்று குளிர்காலம் இப்படியே டிக்கெட்டும் கேக்குமாகப் போயிற்று. நான்காவது வருடம் அவளால் தாங்க முடியவில்லை. இடைவேளையில் அவரையும் என்னையும் ஒத்திகை அறைக்கு அழைத்துப்போய், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பிறகு லீஸ்பெத்தின் பசூனை எடுத்து, மெதுவான ஒரு மெட்டை வாசித்தாள். அவ்வளவு அழகாக அவள் வாசித்து நான் கேட்டதில்லை.

நெஸ்ட்லர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவ இல்லம்மா. உள்ள மேடையில நீங்க வாசிச்சீங்களே, அதுதான் அவ."

"ஐயா, அது என்னோட வாத்தியம்…"

"எனக்குத் தெரியாதா அவ சத்தம்?" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். மணி அடித்தது. இரண்டாம் பாதிக்கு நேரமாகிவிட்டது என்று அவரே எங்களை விரட்டினார்.