படையலில் இருந்த சங்கிலி

ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டின் மேல் டயர் பட்டறை வைத்திருந்த பரசுராமன் படு கறாரான ஆள். வேலை நேரத்தில் பீடி பற்றவைத்தால் திட்டு. ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் தலையை நீட்டினால், நீட்டியவனின் ஏழு தலைமுறைக்கும் திட்டு. அப்படிப்பட்டவர் கடையில்தான் அது நடந்தது. அதுவும் அவர் வாயால் நடந்தது.

லாரிச் சக்கரத்தில் டயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது ஓர் இரும்பு வளையம். பட்டறையில் அதை ரிங் என்பார்கள். அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் துள்ளிக்கொண்டு வரும். எதிரே இருப்பது மண்டையா மரமா என்று பார்க்காது. அதனால் சக்கரத்தைக் கனத்த சங்கிலியால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் காற்று பிடிக்க வேண்டும். கடையில் இருந்த ஒரே வேலையாள் சின்னப்பராஜ் இதில் பரசுராமனையே மிஞ்சியவர். சைக்கிளுக்குக்கூடச் சங்கிலி கட்டித்தான் காற்றடிப்பார் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

1969ஆம் வருஷத்து ஆயுத பூஜை. ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, சங்கிலி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் பொரி கடலையோடு படைத்தாயிற்று. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. சின்னப்பராஜ் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனாலும் அன்றைக்கு வாழைக்கன்று கட்டுவதும் சாமான்களுக்குப் பொட்டு வைப்பதும் அவர் வேலை. அதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

மூன்று மணி இருக்கும். கோலாரிலிருந்து தக்காளி ஏற்றிவந்த லாரி ஒன்று டயர் பஞ்சராகி வந்து நின்றது. சரக்கு அழுகிவிடும் என்று டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். லீவரும் சுத்தியலும் தன்னிடமே இருக்கின்றன, காற்று மட்டும் கொடுத்தால் போதும் என்றார். பரசுராமனுக்கு மனசு இளகியது. கம்ப்ரசருக்கும் பொட்டு வைத்திருந்தது. ஆனால் அதைத் தூக்கிப் படையலில் வைக்க முடியாதல்லவா? அதனால் அது ஆயுதத்தில் சேர்த்தி இல்லை என்று தாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். சாமிக்கும் நல்லவர், டிரைவருக்கும் நல்லவர் ஆகப் பார்த்தார் மனுஷன்.

பஞ்சர் ஒட்டி, ரிங்கை மாட்டிய பிறகு சின்னப்பராஜ் நிமிர்ந்தார்.

"அண்ணே, செயின மட்டும் எடுத்துக்கவா? அஞ்சே நிமிசம். கழுவித் திரும்ப வெச்சிடறேன்."

"சாமிக்கு வெச்சத இன்னாத்துக்குடா எடுக்கற? ரிங்கு நல்லாத்தான் குந்தினுகீது. நான் சொல்றேன், காத்தப் புடி."

சின்னப்பராஜ் ரிங்கைச் சுற்றி ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்தார். காற்று முக்கால்வாசி ஏறியபோது ரிங் தெறித்தது. தக்காளி லாரியிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்தது. வலது கை முழங்கையோடு போயிற்று.

இரண்டாம் நாள் போலீஸ்காரர் வந்து விசாரித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னப்பராஜின் மனைவி ரோஸி, கால்மாட்டில் பரசுராமன்.

"செயின் கட்ட மறந்துட்டேன் சார்," என்றார் சின்னப்பராஜ். கடையை மூடிவிட்டால் ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

பரசுராமன் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவருக்கு உடம்பு கூசும்.

சின்னப்பராஜைக் கடைசிவரை கடையிலேயே வைத்துக்கொண்டார், சம்பளத்தில் குறை வைக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து சங்கிலியைப் படையலில் வைக்கவில்லை. கேட்டவர்களிடம் துருப்பிடித்துவிட்டது என்று மழுப்பினார். செய்யக்கூடியதையெல்லாம் செய்தார், ரோஸியிடம் உண்மையைச் சொல்வதைத் தவிர.

ரோஸி கெட்டவள் அல்ல. வயிற்றெரிச்சல் தாங்காமல் பேசுவாள். மதியம் சோறு கொண்டுவந்து, புருஷன் இடது கையால் பிசைந்து சிந்தும்போது, "ஒரு செயினக் கட்ட மறந்த மனுசன்கிட்ட வேற இன்னா எதிர்பாக்கறது?" என்பாள். சின்னப்பராஜ் தலை நிமிராமல் சாப்பிடுவார். பரசுராமன் தன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "தங்கச்சிகிட்ட நான் சொல்லிடட்டா?" என்று கேட்டார்.

"உன் இஷ்டம்ண்ணே," என்றார் சின்னப்பராஜ். வேண்டாம் என்று சொல்லவில்லை. பரசுராமனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போட்டார் பரசுராமன். அப்புறம் தன் மகள் கல்யாணம் முடியட்டும் என்றார். இப்படியே வருஷங்கள் ஓடின. 1983இல் சின்னப்பராஜுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பத்தே நாளில் ஆள் போய்விட்டார்.

மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, பரசுராமன் ரோஸி வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "அவன் மறக்கல தங்கச்சி. செயினக் கேட்டான். நான்தான் தர மாட்டேன்னுட்டேன்."

ரோஸி அவரை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"பதினாலு வருசம்ண்ணே. சோறு சிந்தனா திட்டுனேன். சட்டைக்குப் பட்டன் போட்டுவுடறப்பல்லாம் திட்டுனேன். சாவற அன்னிக்கிக் காலீல கூட, கவனம் கெட்ட மனுசன்னு திட்டுனேன். ஒரு வார்த்த பேசலியே அவரு." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அவரு இருக்கறப்ப நீ சொல்லியிருந்தா மன்னிச்சிக்கய்யான்னு ஒரு தபா கேட்டிருப்பேனே. இப்ப நான் யார்கிட்டண்ணே போயி கேப்பேன்?"