அட்ஜஸ்ட்னா ரெண்டு பக்கமும்

உள்ளறையில் தையல் மெஷின் சட்டென்று நின்றது. மகள் காதைத் தீட்டிக்கொண்டாள் என்று டெய்லரம்மாவுக்குப் புரிந்தது.

எதிரே மகளின் மாமியார், மடியில் ஒரு பொட்டலத்தோடு. மகள் பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது.

"லேப் வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்க சம்பந்தி. ஆறு மணிக்கே கிளம்பிட்டா என் பிள்ளைக்கு யாரு சாப்பாடு கட்டறது? பொண்ணுங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரு சொல்லால் பிழைத்தவள் டெய்லரம்மா. கணவர் இறந்த மறுமாதம் வாசலில் தொங்கவிட்ட அட்டையில் 'இங்கே அட்ஜஸ்ட் செய்து தரப்படும்' என்றுதான் எழுதினாள். படித்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டுத் துணியையும் கொடுத்தார்கள். பெருத்தவருக்குப் பிரித்தாள், இளைத்தவருக்குப் பிடித்தாள். தையலுக்கு வெளியே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் என்றால் நகர்ந்து உட்கார். வீட்டில் என்றால் வாயை மூடு.

"பொட்டலத்துல என்ன?"

"என் பிளவுஸ். டைட்டாயிடுச்சு."

டெய்லரம்மா அதை உள்பக்கம் திருப்பினாள். "இடது பக்கம் மட்டும் பிரிச்சிருக்கே, யாரு?"

"நான்தான்."

"அதான் கொக்கி வரிசை கோணிக்கிட்டு நிக்குது. அட்ஜஸ்ட்னா ரெண்டு பக்கமும் பிரிக்கணும் சம்பந்தி. ஒரு பக்கத்தையே பிரிச்சா துணி கிழிஞ்சிடும்."

மாமியார் முகம் சிவந்தது. "நீங்க பிளவுஸைச் சொல்லலை."

"பிளவுஸைத்தான் சொன்னேன். உங்களுக்கு வேற ஏதாவது கேட்டுதா?"

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு.

டெய்லரம்மாவின் கண் கலங்கியது; குரல் கலங்கவில்லை. "என் பொண்ணு வருவா. வேலையோட வருவா. மாப்பிள்ளை சாப்பாட்டை அவரே கட்டிக்கட்டும்."

"அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதே!"

"என் வீட்டுக்காரர் போனப்ப எனக்கு ஊசி கோக்கக்கூடத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பிளவுஸ் ரெடி. மாப்பிள்ளையை அனுப்புங்க. அவர் கையால சமைச்சு ஒரு டப்பா கட்டிக்கிட்டு வரட்டும். அன்னிக்கே கூட்டிட்டுப் போகலாம்."

மாமியார் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"உப்பு முன்னப்பின்ன இருக்கும்."

"அதை நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் டெய்லரம்மா.